காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள்: ஓடும் படகிலிருந்து கடற்பறவைகளைப் படமெடுப்பது

தூத்துக்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "வருகிற பிப்ரவரியில் இலங்கையின் மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கும் படகில் ஏறப்போகிறேன். திமிங்கிலத்தைவிட எனக்குக் கடற்பறவைகள்மீதுதான் ஆசை. 100–400 மி.மீ. ஜூம் லென்ஸ் வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு பாம்பன் பக்கம் படகில் போய் 600 படம் எடுத்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை. ஷட்டர் வேகம் எவ்வளவு வைக்க வேண்டும்?"

தம்பி, கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 1/2000 நொடி. வெளிச்சம் இருந்தால் 1/3200. 1/2000-க்குக் கீழே மட்டும் போகாதீர்கள்.

ஆனால் இந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் பிப்ரவரியிலும் 600 படங்களோடு வருத்தமாகத்தான் திரும்புவீர்கள். கடலில் நல்ல படத்துக்கும் கெட்ட படத்துக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் கேமராவுக்குள் இல்லை. படகில் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள், காற்று எங்கிருந்து வருகிறது, வெயில் எங்கிருந்து விழுகிறது என்ற மூன்றும்தான் முக்கால்வாசியை முடிவு செய்கின்றன. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பல பயணங்களை வீணாக்கிய பிறகே புரிந்தது. அதனால் காற்றிலிருந்து தொடங்குகிறேன்.

கடற்கரையில் காற்றடிக்கும்போது மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் காகங்களைப் பாருங்கள். எல்லாம் ஒரே திசையில், காற்றை எதிர்த்து முகம் வைத்திருக்கும். கடற்பறவைக்கும் அதே கணக்குதான். எழும்பும்போதும், இறங்கும்போதும், ஓரிடத்தில் நின்று மீன் தேடும்போதும் காற்றை எதிர்த்தே இருக்கும். எதிர்காற்று இறக்கைக்குத் தூக்கு விசை தருகிறது, வேகத்தையும் மட்டுப்படுத்துகிறது. ஓர் ஆலா (ஆங்கிலத்தில் டெர்ன் எனப்படும் கடற்பறவை) நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறக்கிறது, காற்று நொடிக்கு 5 மீட்டர் வீசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றை எதிர்த்து வரும்போது உங்கள் கண்ணுக்கு அதன் வேகம் 5 மீட்டர். காற்றோடு போகும்போது 15 மீட்டர். ஒரே பறவை, ஒரே முயற்சி, மூன்று மடங்கு வேறுபாடு. மெதுவாக வரும் பறவையை, அதுவும் உங்கள் பக்கம் முகம் காட்டி வரும் பறவையைப் படமெடுப்பதை விட்டுவிட்டு, முதுகைக் காட்டிப் பறந்தோடும் பறவையைத் துரத்துவதில் என்ன பயன்?

ஆகவே காற்று உங்கள் முதுகில் பட வேண்டும். வெயிலும் முதுகில் விழ வேண்டும். இரண்டும் ஒரே பக்கத்திலிருந்து வரும் நேரம்தான் கடற்பறவைப் படக்காரருக்குப் பொன்னான நேரம்.

மிரிஸ்ஸவில் உங்கள் அதிர்ஷ்டம், பிப்ரவரிக் காலையில் இந்த இரண்டும் சேர்ந்தே அமையும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே திமிங்கிலப் பயணங்களுக்கான பருவம். அதில் பிப்ரவரி, வடகிழக்குப் பருவக்காற்று வீசும் காலம். உங்கள் ஊர்க் கடலோடிகள் வாடை, கொண்டல் என்று பிரித்துச் சொல்வார்களே, அந்த இரண்டுக்கும் நடுவே வீசும் காற்று. படகுகள் காலை ஆறரை மணி வாக்கில் துறையை விட்டுத் தெற்கு நோக்கிப் போகும். அப்போது சூரியன் உங்கள் இடப்பக்கம் எழுந்துகொண்டிருக்கும். காற்றும் பெரும்பாலும் இடப்பக்கத்திலிருந்தே வரும். படகில் இருப்பவர்கள் அத்தனை பேரும் சூரிய உதயத்தைப் படமெடுக்க இடப்பக்கக் கம்பியில் மொய்ப்பார்கள். நீங்கள் அங்கே போகாதீர்கள். வலப்பக்கம் போய் நில்லுங்கள். அங்கிருந்து மேற்கே பார்த்தால் வெயில் உங்கள் முதுகில், காற்றும் உங்கள் முதுகில். மேற்கே இருக்கும் பறவைகள் காற்றை எதிர்க்கும்போது முகத்தில் மஞ்சள் வெயிலோடு உங்களை நோக்கித் திரும்பியிருக்கும். பத்து மணிக்குப் படகு வடக்கே திரும்பும்போது மேற்கு உங்கள் இடப்பக்கம் வந்துவிடும். நீங்களும் பக்கம் மாறிக்கொள்ளுங்கள். பாம்பனில் எந்தப் பக்கம் நின்றீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். அந்த 600 படங்களில் எத்தனை பறவைகள் முதுகைக் காட்டுகின்றன என்று எண்ணிப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

இனி, 1/2000 ஏன் என்று பார்ப்போம். பறவை பறக்கிறது என்பதற்காக மட்டும் அல்ல, உங்கள் காலடியில் படகு ஆடுகிறது என்பதற்காகவும்தான். பக்கவாட்டில் இருபுறமும் ஐந்து டிகிரி சாய்ந்து, நான்கு நொடிக்கு ஒருமுறை ஆடி முடிக்கும் படகை எடுத்துக்கொள்வோம். இது மோசமான கடல் அல்ல, சாதாரண நாள். ஆட்டத்தின் நடுவில் அது நொடிக்கு எட்டு டிகிரி அளவுக்குத் திரும்புகிறது. முழுஅளவு சென்சார் கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் பார்க்கும் பரப்பின் உயரமோ வெறும் மூன்றரை டிகிரிக்கும் குறைவு. நீங்கள் மரக்கட்டை போல நின்றால் பறவை அரை நொடிக்குள் சட்டகத்தை விட்டே போய்விடும். அதே ஆட்டம் 24 மெகாபிக்சல் கேமராவில் 1/500 நொடியில் சுமார் 18 பிக்சல் அளவுக்குப் படத்தை இழுத்துவிடும். 1/2000-ல் நான்கைந்து பிக்சல். 1/3200-ல் மூன்று. இதற்கு மேல் பறவையின் இறக்கை அடிப்பு வேறு இருக்கிறது. உங்கள் படங்கள் தெளியாமல் போனதில் லென்ஸைக் குறை சொல்லாதீர்கள்.

கணக்கைப் பார்த்து மலைக்க வேண்டாம். இதே கணக்குக்குள் ஒரு வழியும் ஒளிந்திருக்கிறது. ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பும்போது ஒரு கணம் நிற்கிறது அல்லவா? படகும் ஒரு பக்கம் முழுதாகச் சாய்ந்து, மறுபக்கம் திரும்பும் முன் ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்தில் ஆட்டத்தின் வேகம் பூச்சியம். பத்து நிமிடம் கேமராவைத் தொடாமல் நின்று படகின் தாளத்தை உங்கள் முழங்காலுக்குப் பழக்குங்கள். பிறகு விரல் தானாகவே அந்தக் கணத்தில் அழுத்தும். நான் சொல்வது மிகையாகத் தோன்றலாம். இரண்டாம் நாள் நீங்களே உணர்வீர்கள்.

நிற்கும் விதம். கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, முழங்காலைச் சற்று மடக்கி, இடுப்புக்கு மேலே உள்ள உடம்பைக் கடலோடு நேராக வைத்துக்கொள்ள வேண்டும். படகு ஆடட்டும், நீங்கள் ஆடக் கூடாது. முழங்கையைக் கம்பியில் ஊன்றாதீர்கள். என்ஜின் அதிர்வு முழுவதும் அந்தக் கம்பி வழியே லென்ஸுக்கு ஏறும். முக்காலியைப் படகில் ஏற்றவே வேண்டாம், அதுவும் அந்த அதிர்வைத்தான் சுமந்து வரும், பிறர் காலிலும் இடறும். கூரையைத் தாங்கும் தூண் இருந்தால் இடுப்பை மட்டும் சாய்த்துக்கொள்ளலாம். மேல்தளத்துக்கு ஆசைப்பட்டு ஓடுவார்கள். உயரம் கூடக்கூட ஆட்டமும் கூடும், பறவையையும் மேலிருந்து கீழே பார்ப்பீர்கள். கீழ்த்தளத்தில், படகின் நீளத்தில் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு. தண்ணீர் மட்டத்துக்கு அருகே இருப்பதால் பறவை உங்கள் கண்மட்டத்தில் வரும். கண்மட்டத்தில் எடுத்த படத்துக்கும் மேலிருந்து எடுத்த படத்துக்கும் உள்ள வேறுபாடு, ஒருவரோடு எதிரே உட்கார்ந்து பேசுவதற்கும் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு. தெறிக்கும் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். என்ஜின் புகை போகும் வழியாகப் பறவையைப் பார்த்து எடுக்காதீர்கள். சூடான காற்று கானல் போல நெளிந்து படத்தைக் கெடுக்கும். ஷட்டர் வேகமும் சரி, குவியமும் (ஃபோகஸ்) சரி, ஆனாலும் படம் நீருக்கடியில் எடுத்தது போல இருக்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

ஒளிக்கணக்குக்கு வருகிறேன். இதில் நான் பட்டதைச் சொல்ல வேண்டும். முதல் பயணத்தில் கேமராவின் தானியங்கி அளவீட்டை நம்பினேன். கருநீலக் கடலின் முன்னால் ஒரு பெரிய கொண்டை ஆலா, இருபது மீட்டருக்குள், அலகில் மீனோடு போனது. பத்துப் படம் எடுத்தேன். கேமரா சட்டகத்தில் பெரும்பகுதியான இருண்ட கடலைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றிவிட்டது. கடல் அழகாக வந்தது. ஆலாவின் வெண்மார்பில் ஓர் இறகுகூட இல்லை, வெறும் வெள்ளைக் காகிதம். அதே பறவை மேலே எழும்பி வானத்தின் முன்னால் வந்ததும் கேமரா வானத்தைப் பார்த்து வெளிச்சத்தை இறக்கியது. பறவை கருநிழலாகிவிட்டது. பறவைமேல் விழும் வெயில் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். மாறியது பின்னணி மட்டும்.

அதனால் மேனுவலில் வையுங்கள். பறவைமேல் விழும் வெயிலை மட்டும் கணக்கில் எடுங்கள். தெளிந்த வெயிலில் வெள்ளை ஆலாவுக்கு 1/2000, எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 400 என்பது நல்ல தொடக்கம். சூரியன் கீழே இருக்கும் ஏழு மணிக்கு ஐ.எஸ்.ஓ. 1600 வரை போகலாம், அஞ்ச வேண்டாம். மணல்மணலாகத் தெரியும் படத்தைக் கணினியில் சரிசெய்துவிடலாம், இழுபட்ட படத்தை ஒன்றும் செய்ய முடியாது. துறையை விட்டு வெளியேறியதும் முதலில் கிடைக்கும் வெள்ளைப் பறவையையோ, படகின் வெயில் படும் வெள்ளைப் பலகையையோ எடுத்து, மிகைவெளிச்ச எச்சரிக்கை மினுக்காத அளவுக்கு இறக்கி வையுங்கள். பிறகு மேகம் மறைத்தால் ஒழியத் தொட வேண்டாம். கரும்பழுப்புப் பறவைகள் வந்தால் மட்டும் ஒரு படி ஏற்றுங்கள்.

உங்களுடையது மிரர்லெஸ் கேமராவாக இருந்து எலெக்ட்ரானிக் ஷட்டர் வைத்திருந்தால், படிப்பு வேகம் குறைந்த சென்சாரில் அதைக் கடலில் பயன்படுத்தாதீர்கள். அது படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கும். அதற்குள் படகு ஆடிவிடும். அடிவானம் சாயும், இறக்கை வாழை மட்டை போல வளையும். மெக்கானிக்கல் ஷட்டரே போதும். லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பானில் பக்கவாட்டில் தொடர்ந்து எடுப்பதற்கான இரண்டாம் நிலை இருந்தால் அதில் வையுங்கள். இல்லாவிட்டால் அணைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள், அணைத்தால் குறி எளிதாகப் பிடிபடுகிறது என்பவர்கள் பலர்.

குவியத்தில் உங்கள் எதிரி அலைதான். அலையின் நுரையும் பளபளப்பும் கேமராவின் கண்ணுக்குப் பறவையைவிடக் கவர்ச்சியானவை. தொடர் குவியத்தில் வைத்து, நடுவில் அகலமான தொகுதியைத் தேர்ந்தெடுங்கள். பறவைக் கண்ணைக் கண்டறியும் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அலைகளுக்கு நடுவே அது தடுமாறும் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். பறவையை விட்டு வேறொன்றுக்குத் தாவும் வேகத்தைக் குறைத்து வைத்தால், நடுவில் ஓர் அலை குறுக்கே வந்தாலும் கேமரா பொறுமையாக இருக்கும். லென்ஸில் குவிய எல்லைப் பொத்தான் இருந்தால் அருகிலுள்ள தூரங்களை அடைத்துவிடுங்கள். பறவை வரும் முன்பே இருபது, இருபத்தைந்து மீட்டரில் உள்ள தண்ணீர்மேல் ஒருமுறை குவித்து வைத்துவிட்டால், கேமராவைத் தூக்கியதும் பறவை ஓரளவு உருவோடு தெரியும். பலரும் முதலிலேயே 400-க்குப் போய்ப் பறவையைத் தேடித் தேடிக் களைத்துப்போகிறார்கள். 200-ல் பிடியுங்கள். தொலைவில் புள்ளியாக இருக்கும்போதே பின்தொடரத் தொடங்குங்கள். நெருங்கி வரவர ஜூம் செய்யுங்கள். மூன்று நான்கு படங்களாக விட்டுவிட்டு எடுங்கள். விரலை அழுத்தியபடி நின்றால் கேமராவின் நினைவகம் நிரம்பி, நல்ல கணம் வரும்போது அது மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பறவைகள். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகத்தான் எடுக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் கேமராவை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

மிரிஸ்ஸத் துறையை விட்டதுமே பெரிய கொண்டை ஆலாவைப் பார்ப்பீர்கள். மஞ்சள் அலகு, கலைந்த கருங்கொண்டை. உங்கள் தூத்துக்குடிக் கடலிலும் இருப்பதுதான், பழகிய பறவை. இதன் தலையை மட்டும் கவனியுங்கள். தேடும்போது அலகு கீழ்நோக்கி இருக்கும், தலை இடமும் வலமும் திரும்பிக்கொண்டிருக்கும். மீனைக் கண்டதும் தலை ஒரே இடத்தில் நிலைத்துவிடும். இறக்கையடிப்பு படபடப்பாகும். வால் விரியும். அடுத்த கணம் இறக்கையை மடக்கிக்கொண்டு பாயும். தலை நிலைத்த அந்தக் கணத்தில் நீங்கள் எடுக்கத் தொடங்கியிருக்க வேண்டும். பாய்ந்த பிறகு அழுத்தினால் தண்ணீர்த் தெறிப்பு மட்டும்தான் கிடைக்கும். தவறவிட்டாலும் கேமராவை இறக்காதீர்கள். ஆலா தண்ணீரிலிருந்து எழும்பி, இரண்டு மூன்று மீட்டர் ஏறியதும் நாய் போல உடம்பை ஓர் உதறு உதறும். நீர்த்துளிகள் வட்டமாகச் சிதறும். அலகில் மீன் குறுக்காக மின்னும். மீன்பிடிக்கும் காட்சியைவிட இந்த உதறல்தான் எனக்கு அதிகம் பிடித்த படம். எழும்பும்போது காற்றை எதிர்த்தே எழும்பும் என்பதால், சரியான பக்கத்தில் நின்றிருந்தால் உங்களை நோக்கியே வரும்.

கரை மறைந்து, கடலின் நிறம் பச்சையிலிருந்து கருநீலத்துக்கு மாறும்போது விழிப்பாக இருங்கள். இலங்கையின் தென்முனையான தெவிநுவரப் பகுதியில் கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி, மிகக் குறுகலானது. அதனால்தான் நீலத் திமிங்கிலங்கள் கரைக்கு இவ்வளவு அருகில் வருகின்றன. ஆழ்கடல் பறவைகளும் அப்படியே. சரக்குக் கப்பல்கள் வரிசையாகப் போகும் தடமும் அங்கேதான் இருக்கிறது. இங்கே மிதக்கும் எதையும் பார்க்காமல் விடாதீர்கள். மரத்துண்டு, தெர்மாகோல், அறுந்த வலை, ஆமையின் முதுகு. பிரைடில்டு ஆலாவுக்குத் தண்ணீரில் உட்கார்வது பிடிக்காது, இப்படி எதிலாவது உட்கார்ந்து இளைப்பாறும். ஒருமுறை முழ நீளப் பலகையில் மூன்று ஆலாக்கள் வரிசையாக உட்கார்ந்து வந்தன. அலை ஏறி இறங்க, மூன்றும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கின. பலகையின் விளிம்பில் வாத்துக்கழுத்துச் சிப்பிகள் தொங்கிக்கொண்டிருந்தன. அந்தப் பலகை எத்தனை மாதம் கடலில் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படி ஒன்று கண்ணில் பட்டால் படகோட்டி நேராக அதை நோக்கி விடுவார். பறவை எழும்பி அப்பால் போய்விடும், உங்களுக்குக் கிடைப்பது வால். காற்று வரும் பக்கமாகச் சுற்றிப் போய், தொலைவிலேயே என்ஜினைத் தணித்துவிட்டால், காற்றே படகை மெல்ல மெல்லப் பலகை நோக்கித் தள்ளும். பறவை எழும்போது காற்றை எதிர்த்து, அதாவது உங்களை நோக்கி எழும். இதைப் படகோட்டியிடம் புறப்படும் முன்பே சொல்லி வைக்க வேண்டும். அவர் திமிங்கிலத்துக்காகப் போகிறவர், படகில் மற்றவர்களும் இருக்கிறார்கள், எனவே உரிமையாகக் கேட்காதீர்கள். தேநீர் நேரத்தில் நான்கு படங்களைக் காட்டுங்கள், ஆசை அவருக்கும் தொற்றிக்கொள்ளும். சிங்களத்தில் அண்ணனை "அய்யா" என்பார்கள். நம் வாயில் அந்தச் சொல் மரியாதையோடுதான் வரும், அவர்கள் காதில் உறவாகவும் விழும். அப்படியே கூப்பிடுங்கள். எந்தப் பறவைக் கூட்டத்தின் அடியில் சூரை மீன் இருக்கிறது என்று அந்த மனிதர்களுக்குத் தெரியும். ஆலாக் கூட்டம் ஒரே இடத்தில் சுழன்று சுழன்று பாய்கிறதென்றால், அடியில் சூரைகள் சிறுமீன்களை மேலே விரட்டுகின்றன என்று பொருள். ஒரு வேண்டுகோள்: அந்தக் கூட்டத்துக்கு உள்ளே படகை விடச் சொல்லாதீர்கள். மீன் அடியில் போய்விடும், பறவைகளின் காலைச் சாப்பாடு போய்விடும். ஓரத்தில் நின்றாலே போதிய படங்கள் கிடைக்கும்.

ஸ்குவா வந்தால் ஆலாக்களின் கூச்சலே சொல்லிவிடும். பொமரின் ஸ்குவா ஆர்க்டிக் தூந்திரத்தில் முட்டையிட்டுவிட்டு, குளிர்காலத்துக்கு நம் கடல்கள் வரை வரும் பறவை. தானாக மீன்பிடிப்பதைவிட ஆலாவைத் துரத்தி, பிடித்த மீனைக் கக்க வைத்துப் பறிப்பதில் கெட்டிக்காரன். இங்கே ஸ்குவாவைக் குறிவைக்காதீர்கள். ஆலாவைக் குறிவையுங்கள். ஸ்குவா எப்படியும் அதன் பின்னால் சட்டகத்துக்குள் வந்துவிடும். ஜூமையும் 300-க்கு இறக்கிக்கொள்ளுங்கள், இரண்டு பறவைக்கும் இடம் வேண்டும்.

ஷியர்வாட்டர்கள் என்ற ஆழ்கடல் பறவைகள் வேறு இனம், வேறு கலை. பிப்ரவரியில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். தென்மேற்கு ஆஸ்திரேலியாவில் இனப்பெருக்கம் செய்யும் பிளெஷ்ஃபுட்டட் ஷியர்வாட்டர்கள் அரபிக்கடல் நோக்கிப் போகும் வழியில் ஏப்ரல் கடைசி, மே மாதங்களில் இலங்கைக் கடலைக் கடக்கும். அவை இறக்கையை அதிகம் அடிப்பதில்லை. தண்ணீரின் மேற்பரப்பை உரசும் காற்று மெதுவாகவும், மேலே உள்ள காற்று வேகமாகவும் வீசும். அந்த வேறுபாட்டிலிருந்தே அவை ஆற்றலை எடுத்துக்கொள்கின்றன. 1883-ல் இயற்பியலாளர் லார்டு ரேலி இதை விளக்கினார். காற்றை எதிர்த்து மேலே ஏறும், உச்சியில் ஒரு சாய்வு சாய்ந்து திரும்பும், காற்றோடு சரிந்து தண்ணீரைத் தொடும் உயரத்துக்கு வரும், மறுபடி ஏறும். இந்த வளைவு திரும்பத் திரும்ப வருவதால், இரண்டு வளைவுகளைப் பார்த்துவிட்டால் மூன்றாவது எங்கே உச்சிக்கு வரும் என்று சொல்லிவிடலாம். உச்சியில் திரும்பும்போது இறக்கை செங்குத்தாக நிற்கும், ஒரு நுனி வானத்திலும் மறுநுனி தண்ணீரிலும். அங்கே காத்திருங்கள். பெரும் ஆல்பட்ராஸ்களும் இதே வித்தையில்தான் தென்கடல்களைச் சுற்றி வருகின்றன. நியூசிலாந்தின் கைக்கோராவில் கரைக்கு மிக அருகிலேயே ஆழ்பள்ளம் இருப்பதால் சிறு படகிலேயே அவற்றைப் பார்க்க முடிகிறது. மூன்று மீட்டர் இறக்கை விரிவுள்ள அந்தப் பறவைகளுக்கு 1/1600 போதும், அவ்வளவு நிதானம்.

மிகச் சிறியது வில்சன் ஸ்டார்ம் பெட்ரல். நம் கையில் உட்கார்ந்தால் நாற்பது கிராம் இருக்கும். அண்டார்க்டிகாவில் பிறந்து, அங்கே குளிர்காலம் தொடங்கும்போது வட இந்தியப் பெருங்கடலுக்கு வருகிறது. அலையின் பள்ளத்தில் காலைத் தண்ணீரில் தட்டித் தட்டி நடப்பது போலப் பறக்கும். படகு அலை முகட்டில் ஏறும்போது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். இதைத் துரத்தாதீர்கள். மே முதல் அக்டோபருக்குள் என்றாவது வாய்ப்புக் கிடைத்தால், காற்றை எதிர்த்து அது ஓரிடத்தில் தத்தளிக்கும்போது எடுங்கள்.

உப்பைப் பற்றிச் சுருக்கமாக. லென்ஸில் பட்ட கடல்நீரைச் சட்டையால் துடைக்காதீர்கள். காய்ந்த உப்பு உப்புத்தாள் போலக் கண்ணாடியைக் கீறும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றி, பிறகு உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். கடலில் லென்ஸ் மாற்றவே கூடாது. லென்ஸ் முன்னால் ஹூட் கட்டாயம் இருக்கட்டும். விடுதி அறையில் ஏ.சி. போட்டுத் தூங்கினால், குளிர்ந்த கேமராவைக் காலையில் வெளியே எடுத்ததும் உள்ளும் புறமும் வியர்த்துவிடும், முதல் முக்கால் மணி நேரம் போய்விடும். இரவே பையை ஏ.சி. இல்லாத இடத்தில் வையுங்கள்.

தலைசுற்றலைப் பற்றி வெட்கப்படாமல் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், படகேறும் முன்பே போட்டால்தான் பயன். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், இரண்டு இட்லி அளவுக்காவது சாப்பிடுங்கள். வியூஃபைண்டரிலேயே கண்ணை வைத்திருந்தாலும், எடுத்த படங்களைத் திரையில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாலும் குமட்டல் வரும். நடுநடுவே அடிவானத்தைப் பாருங்கள். படங்களைக் கரையில் பார்த்துக்கொள்ளலாம். உயிர்காப்புச் சட்டை லென்ஸைத் தோளில் வைக்க இடைஞ்சலாகத்தான் இருக்கும். கழற்றாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கூடு கட்டும் தீவுகளை நோக்கிப் படகு பிடிக்கும் ஆசை உங்களுக்கு ஒருநாள் வரும். லட்சத்தீவின் பிட்டி மணல்திட்டு, ராமர் பாலத்தின் இலங்கைப் பகுதியில் உள்ள மணல்திட்டுகள் எல்லாம் ஆலாக்கள் வெறும் மணலில் முட்டையிடும் இடங்கள். ஆள் ஒருவர் இறங்கினால் போதும், ஆயிரக்கணக்கில் எழும்பும். பார்ப்பவருக்கு அது அற்புதமான படம். அடியில் முட்டைகள் உச்சி வெயிலில் வெந்துகொண்டிருக்கும். அப்படி எழுந்த கூட்டத்தின் படம் எனக்குத் தெரிந்தவர் எவரிடமும் இருக்க வேண்டாம் என்றே சொல்வேன். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் உங்கள் ஊர்ப் பக்கமே இருப்பதால் இதைச் சொல்கிறேன். அங்கும் அனுமதியின்றி இறங்கக் கூடாது.

கடைசியாக, மங்கலான படங்களை அழிக்க அவசரப்படாதீர்கள். ஆழ்கடல் பறவைகளை நம் கடல்களில் பார்த்தவர்கள் குறைவு, பதிவுகளும் குறைவு. பிரைடில்டு ஆலாவையும் சூட்டி ஆலாவையும் தொலைவில் பிரித்தறிவது அனுபவசாலிக்கே கடினம். பிரைடில்டுக்கு வெள்ளைப் புருவம் கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும், முதுகு சாம்பல் பழுப்பு. சூட்டிக்கு நெற்றியின் வெள்ளை கண்ணோடு நின்றுவிடும், முதுகு கருப்பு. இழுபட்ட படத்தில்கூட இந்தப் புருவம் தெரிந்தால் போதும். கேமராவின் கடிகாரத்தைப் புறப்படும் முன் கைப்பேசி நேரத்தோடு சரிபார்த்து, கைப்பேசியில் பயண வழியைப் பதிவு செய்துகொண்டால், ஒவ்வொரு படத்துக்கும் கடலில் இடம் குறித்துவிடலாம். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளமான இபேர்டில் ஏற்றுங்கள். பாம்பனில் எடுத்த அந்த 600 படங்களையும் அழித்துவிடவில்லையென்றால் எடுத்து வையுங்கள், மிரிஸ்ஸ போகும் முன் நாம் இருவரும் உட்கார்ந்து அவற்றில் புருவங்களைத் தேடிப் பார்ப்போம்.